மண்டியா, உழவர் சந்தையா, வாட்ஸ்அப்பா? முதலில் மிச்சக் காய் யார் தலையில் என்று பாருங்கள்

நேரடி விற்பனை என்று பேச்செடுத்தாலே ஒரு கணக்கு வந்து நிற்கும். தோட்டத்தில் கிலோ 12 ரூபாய்க்குப் போன தக்காளி டவுனில் 40 ரூபாய், நடுவில் இருக்கிற 28 ரூபாயைத் தரகர் தின்றுவிட்டார், அவரை எடுத்துவிட்டால் விவசாயிக்கு விடிவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 28 ரூபாய்க்குள் வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, நசுங்கினது, அழுகினது, சாயங்காலம் வரை விற்காமல் நின்றது, கடையில் ஒரு ஆள் நாள் முழுக்க உட்கார்ந்தது எல்லாம் கிடக்கிறது. தரகரை எடுத்தால் அந்த வேலையும் அவரோடு போய்விடாது, விவசாயி வீட்டு வாசலுக்கு வந்துவிடும். அதனால் எந்த வழி நல்ல வழி என்று பார்க்கும்போது கிலோ விலையை அப்புறம் பார்க்கலாம் என்பேன். விற்காத மிச்சத்தை யார் சுமப்பது, காசு எப்போது கைக்கு வரும், இந்த இரண்டும்தான் முதலில்.

கமிஷன் மண்டியைத் திட்டாத விவசாயி இல்லை. நூற்றுக்குப் பத்து பிடிக்கிறார்கள், எடையில் கழிவு என்று கொஞ்சம் போகிறது, விலை எப்படி முடிந்தது என்று கேட்டால் சரியான பதில் வராது. இருந்தும் அதே விவசாயி மறுநாள் காலை அதே மண்டியில் நிற்கிறார் என்றால் அவர் விவரம் தெரியாதவர் என்று அர்த்தம் இல்லை. ஒட்டன்சத்திரம் மாதிரி மார்க்கெட்டில் முருங்கையோ வெண்டையோ எத்தனை மூட்டை கொண்டுபோய் இறக்கினாலும் அன்றைக்கே கைமாறிவிடும், பெரும்பகுதி கேரளாவுக்கு லாரி ஏறும், நம்மவர் மதியத்துக்குள் வீடு திரும்பித் தண்ணீர் பாய்ச்சலாம். விலை சரிந்த நாளில் பறிகூலிக்கே கட்டாது, அது தனி வேதனை. ஆனாலும் இறக்கின காயைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வரவேண்டியதில்லை. இதைவிடப் பெரிய விஷயம் முன்பணம். போர்வெல் ரிப்பேர், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடக் கட்டணம் என்று ராத்திரி போன் போட்டால் காலையில் மண்டிக்காரர் காசு தருகிறார், சிட்டா, அடங்கல் என்று நிலப் பதிவுக் காகிதம் எதுவும் கேட்பதில்லை. அதற்கு வட்டி தனியாக எழுதப்படுவதில்லை, கமிஷனிலும் விலையிலும் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளப்படுகிறது. சந்தை என்று நாம் சொல்லும் இடம் பாதி வங்கி. அந்தப் பாதிக்கு மாற்று சொல்லாமல் மண்டியை விட்டு வெளியே வா என்று ஒருவரிடம் சொன்னால், தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார், அவ்வளவுதான்.

உழவர் சந்தை வேறு மாதிரி, விவசாயியே கடையில் உட்கார்ந்து நேராக விற்கும் அரசுச் சந்தை. பஞ்சாபின் அப்னி மண்டியும் ஆந்திராவின் ரைத்து பஜாரும் முன்னால் வந்தவை, 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் நம்முடைய முதல் சந்தை திறந்தார்கள். கடைக்கு வாடகை இல்லை, கமிஷன் இல்லை, தராசு சந்தை நிர்வாகமே தருகிறது, விலை மொத்த விலைக்கு மேலேயும் சில்லறை விலைக்குக் கீழேயும் காலையில் போர்டில் எழுதப்படுகிறது. அடையாள அட்டை வாங்க நிலம், பயிர் விவரம் காட்ட வேண்டும். காசு அங்கேயே கையில் வருகிறது, இதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல முடியாது.

ஆனால் இது யாருக்குப் பொருந்தும்? இரண்டு ஏக்கரில் தக்காளி மட்டும் போட்டவருக்கு நிச்சயமாக இல்லை. அவருக்கு ஒரே நாளில் ஐம்பது பெட்டி வரும், உழவர் சந்தைக் கடையில் உட்கார்ந்து ஐம்பது பெட்டியை அரைக்கிலோ அரைக்கிலோவாக நிறுத்துக் கொடுத்தால் மூன்று நாள் ஆகும். ஐம்பது சென்டில் கீரை, கத்தரி, அவரை, பீர்க்கன், மிளகாய் என்று பத்துக் காய் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது சரியான இடம். அதிலும் வீட்டில் ஒருவர் தோட்டத்தைப் பார்க்க, இன்னொருவர் விடியற்காலையில் கிளம்பி சந்தையில் நிற்க முடிகிற குடும்பம். ஊரும் பக்கத்தில் இருக்க வேண்டும். மிச்சமானது தங்கள் தலையில்தான் என்பதால் இந்தக் குடும்பங்கள் பாத்தி பாத்தியாக, வாரம் விட்டு வாரம் விதைக்கப் பழகிவிடுகின்றன. பல பயிர் போடுங்கள், பிரித்து விதையுங்கள் என்று பயிற்சிக் கூட்டங்களில் படம் போட்டுக் காட்டுவதைச் சந்தையே கற்றுக்கொடுத்துவிடுகிறது. வியாபாரிகள் அட்டை வாங்கி விவசாயி இடத்தில் உட்காருகிறார்கள் என்ற புகார் வெகுநாளாக இருக்கிறது, அதில் உண்மையும் இருக்கிறது.

வாட்ஸ்அப் குழு, வீட்டுக்கே டெலிவரி. இளைஞர்கள் பலரும் இங்கேதான் முதலில் குதிக்கிறார்கள். பச்சைக் காய்கறிக்கு இது இருப்பதிலேயே கடினமான வழி என்பது என் எண்ணம். வாடிக்கையாளர் இரண்டு முருங்கைக்காயும் கால் கிலோ பீன்ஸும் கேட்பார், சின்னதாக ஒரு புள்ளி இருந்தால் போட்டோ எடுத்து அனுப்புவார், ஊருக்குப் போனால் சொல்லாமல் இரண்டு வாரம் ஆர்டர் நின்றுவிடும். செடி அதற்காகக் காய்ப்பதை நிறுத்துமா? பெட்ரோலையும் நம்முடைய நேரத்தையும் எழுதி வைத்தால் மண்டிக்காரரின் பத்து சதவீதம் மலிவாகத் தெரியும்.

அரிசி, செக்கு எண்ணெய், நாட்டுச் சர்க்கரை, மஞ்சள்தூள் என்று கெடாத பொருளாக இருந்தால் கதை தலைகீழ். மாதம் ஒருமுறை அனுப்பினால் போதும், மிச்சம் அடுத்த மாதம் விற்கும். மாப்பிள்ளைச் சம்பா, கருப்பு கவுனி மாதிரி பாரம்பரிய நெல் ரகங்கள் எல்லாம் ஐந்து மாதம் வரை வயலில் நிற்கும், மகசூலும் குறைவு, அதை நெல்லாகப் பொது விலைக்குப் போட்டால் நட்டம்தான். அரிசியாக்கி நேராக விற்றால்தான் கட்டும். இந்த ரகங்கள் திரும்ப வயலுக்கு வந்ததில் திருத்துறைப்பூண்டி நெல் ஜெயராமனுக்குப் பெரிய பங்கு உண்டு. 2006 முதல் நெல் திருவிழா நடத்தி, இரண்டு கிலோ விதை எடுத்துப்போ, அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடு என்றார். விண்ணப்பப் படிவம் கிடையாது, மானியம் கிடையாது, பக்கத்து வயல்காரர் கையில் விதை இருந்தது, பரவியது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: மஞ்சளைக் கிழங்காக விற்கும்வரை நீங்கள் விவசாயி, அரைத்துப் பொட்டலம் போட்டால் உற்பத்தியாளர். உணவுப் பாதுகாப்புப் பதிவு, லேபிள், தேதி எல்லாம் வேண்டும்.

மஞ்சள், கொப்பரை, நிலக்கடலை, எள் பெரிய அளவில் இருந்தால் அரசு மேற்பார்வையில் ஏலம் நடக்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் நல்லது. ஈரோடு, பெருந்துறை ஏலங்களை ஒருமுறை போய்ப் பாருங்கள். விவசாயியிடம் கமிஷன் பிடிப்பதில்லை, சந்தைக் கட்டணம் வாங்குகிறவர் தலையில். விலை பிடிக்கவில்லை என்றால் மூட்டையைக் கிடங்கில் வைத்து அதன்மேல் பொருளீட்டுக் கடன் வாங்கலாம், மண்டி முன்பணத்துக்கு அரசு தரப்பில் இருக்கும் நேரான பதில் இது, இதைப் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை. 2016 ஏப்ரலில் வந்த இ-நாம் என்ற இணையவழிச் சந்தை, நாட்டில் எங்கிருந்தும் விலை போடலாம் என்ற யோசனை. யோசனை சரிதான். ஆனால் மஞ்சளை உடைத்து உள்நிறம் பார்க்காமல் வெளிமாநில வியாபாரி விலை போடத் தயங்குவார், தர ஆய்வு நம்பும்படி இருக்கும் இடத்தில்தான் அது ஓடும்.

சாதாரண நெல்லுக்கு அரசே நெல் வாங்கும் நேரடிக் கொள்முதல் நிலையம். 2025-26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையோடு குவிண்டால் சன்ன ரகம் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500 ரூபாய். தனியார் பெரும்பாலும் இதற்குக் கீழேதான் கேட்பார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். குறுவை அறுப்பும் ஐப்பசி மழையும் ஒன்றாக வந்தால் களத்தில் கொட்டின நெல் முளைவிடும்வரை காத்திருக்கும் நிலை, அப்போது வாசலுக்கு வந்து ஈர நெல்லை எடுத்துப்போகும் வியாபாரி சொல்வதே விலை. தார்ப்பாயும் உலர்களமும் இருப்பவருக்கு நிலையம், இல்லாதவருக்கு வியாபாரி.

சொட்டுநீர்ப் பாசனத்துக்கு சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம் என்றதும் வரிசையில் நிற்கிறார்கள். நேரடி விற்பனைக்கு அவர்களிடம் அந்த வேகம் ஏன் இல்லை என்று சிலர் கேட்கிறார்கள். சொட்டுநீர் ராத்திரி மடை மாற்றும் வேலையை மிச்சப்படுத்துகிறது, ஆள்கூலி குறைகிறது. நேரடி விற்பனை இன்னொரு முழுநேர வேலையைக் கொண்டுவந்து தலையில் வைக்கிறது. விவசாயி தயங்குவது இதனால்தான், அது சோம்பேறித்தனமும் இல்லை, பழமைவாதமும் இல்லை.

அந்த இன்னொரு வேலையை எடுத்துச் செய்யத்தான் விவசாயிகளே பங்கு போட்டு நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். 2020 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய, பத்தாயிரம் நிறுவனங்களை உருவாக்கும் திட்டத்தில் சமவெளியில் குறைந்தது 300 பேர் சேர வேண்டும், நிர்வாகச் செலவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு 18 லட்சம் வரை உதவி, உறுப்பினர் போடும் பங்குத்தொகைக்குச் சமமாக 15 லட்சம் வரை மானியம். நன்றாக நடப்பவற்றைக் கவனித்தால், முதலில் உரம், விதை, தீவனம் மொத்தமாக வாங்கி உறுப்பினருக்குக் குறைத்துக் கொடுத்துத்தான் காலூன்றியிருக்கும், விளைபொருள் விற்பனை அப்புறம்தான். முதல் வருஷமே சூப்பர் மார்க்கெட்டுக்குக் காய் அனுப்புகிறோம் என்று கிளம்பினால் நிராகரித்த காய் திரும்பி வரும், அப்போது மிச்சம் 300 பேர் தலையில். உங்கள் ஊரில் பங்கு போடக் கூப்பிட்டால் போன வருஷ வரவு செலவைக் காட்டச் சொல்லுங்கள். அரசுப் பணம் நின்ற பிறகு மேலாளர் சம்பளம் எந்த வியாபாரத்திலிருந்து வரும் என்பதற்கு அதில் ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.