ஆரஞ்சுப் பஞ்சுக்குப் பின்னால்: ஜேபிஎல் எல்100 கிளாசிக்

இந்த ஸ்பீக்கரின் முகப்பு, 1970இல் வந்த ஜேபிஎல்லின் பழைய எல்100 செஞ்சுரி ஸ்பீக்கரின் அதே கட்டம் கட்டமான பஞ்சுதான். உள்ளே எல்லாம் புதுசு: தாழ்ந்த ஒலிக்கு 12 அங்குல வூஃபர், நடு ஒலிக்கு 5.25 அங்குல மிட்ரேஞ்ச், உச்ச ஒலிக்கு 1 அங்குல டைட்டானியம் ட்வீட்டர். ஒரு பெட்டியே ஏறக்குறைய 27 கிலோ. தூக்க ஆள் துணை வேண்டும்.

நேரே தரையில் வைத்தால் பேஸ் (தாழ்ந்த ஒலி) வீங்கும், பாடகர் குரல் முழங்காலுக்குக் கீழிருந்து வரும். பின்சாய்ந்த குட்டை ஸ்டாண்ட் கட்டாயம். இவ்வளவு விலை கொடுத்த பிறகும் அதைத் தனியாக வாங்கச் சொல்வதுதான் எரிச்சல்!

பஞ்சைக் கழற்றினால் நடு ஒலிக்கு மிட், உச்ச ஒலிக்கு ஹை என, அளவைக் கூட்டிக் குறைக்க இரண்டு திருகு குமிழ்கள். டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர் உள்ள அறையென்றால் ஹையைச் சற்றுக் குறையுங்கள். 'ஸ' ஒலி காதைக் கீறாது. இது 4 ஓம் ஸ்பீக்கர்; அதாவது மின்தடை குறைவு, மின்னோட்டத்தை அதிகம் இழுக்கும். அதைத் தாங்காத ஆம்ப் (ஒலிபெருக்கும் ஆம்ப்ளிஃபையர்), சத்தம் ஏற்றினால் சூடாகி அணைந்துவிடலாம்.