340 டாலரும் போனது, ஆமையும் போனது: ஸ்டிக்கர் வரைபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கை இன்னும் நடுங்குகிறது. இரண்டு நாள் ஆறப்போட்டால் கோபம் தணிந்துவிடும், தணிந்தால் எழுதமாட்டேன், எழுதாவிட்டால் வேறொருவர் இதே குழியில் விழுவார். அதனால் இன்றே எழுதுகிறேன். "நீங்கள் வரைந்த ஸ்டிக்கர்களை எல்லா அரட்டைச் செயலிகளிலும் வெளியிட்டு விற்பனையில் பங்கும் தருகிறோம்" என்று சொல்லும் ஓர் இணையதளம் என்னிடமிருந்து 340 டாலரைப் பறித்துக்கொண்டது. பணத்தோடு என் படங்களையும் எடுத்துக்கொண்டது. புகார் கொடுத்திருப்பதால் பெயரை எழுதவில்லை. எழுதினாலும் நாளைக்கே வேறு பெயரில் கடை திறப்பார்கள். நடந்ததைச் சொல்லிவிட்டு, எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகத் தருகிறேன்.

முதலில் ஒன்று. அந்த ஸ்டிக்கர்களை நான் விற்பதற்காக வரையவில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது பேச்சும் எழுத்தும் ஒன்றாகப் போய்விட்டன. நாம் சொல்வது புரிகிறது, பதில் சொல்ல வாயெடுத்தால் சொல் வருவதில்லை. கைபேசியில் எழுதச் சொன்னால் முதல் எழுத்திலேயே விரல் நின்றுவிடும். ஆனால் படங்களைத் தயங்காமல் தேர்ந்தெடுப்பார். எமோஜியைப் பழக்கிப் பார்த்தேன். வரிசை வரிசையாக மஞ்சள் முகங்கள், எல்லாம் பொடிப்பொடியாக. அவருக்கு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வேறுபாடு தெரியவில்லை. அவர் அனுப்பியது வலியா, சலிப்பா, கை தவறிப் பட்டதா என்று எனக்கும் விளங்கவில்லை. அதனால்தான் ஓர் ஆமையை வரைந்தேன்.

மொத்தம் 24 படங்கள். தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டால், இப்போது யாரும் வர வேண்டாம். கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றால், நீ எப்போது வருவாய். ஒரு கண்ணில் மட்டும் ஒரு துளி நீர் நின்றால், வலிக்கிறது. அரட்டையில் ஸ்டிக்கர் கட்டைவிரல் அகலத்துக்கு மேல் தெரிவதில்லை என்பதால் கண்களைப் பெரிதாக்கினேன், கால் நகங்களையெல்லாம் விட்டுவிட்டேன். இருண்ட பின்னணியில் ஆமை கரைந்துபோகாமலிருக்க ஒவ்வொரு படத்தைச் சுற்றியும் 8 பிக்சல் வெள்ளை ஓரம் வைத்தேன். எதிலும் ஓர் எழுத்துகூட இல்லை. அந்தக் கண்ணீர்த் துளியை மட்டும் 11 முறை வரைந்தேன். துளி பெரிதானால் ஒப்பாரி போலிருந்தது, சிறிதானால் வியர்வை போலிருந்தது. பதினோராவது படத்தைக் காட்டியபோது அப்பா தன் இடது தோளைத் தொட்டுக் காட்டினார். வலிக்கிற தோள் அது. அன்றிலிருந்து அவருக்கு மருந்து கொடுக்கும் நேரத்தை அந்த ஆமைதான் சொல்கிறது.

'தூங்கப் போகிறேன்' என்பதற்கு மேலிருந்து பார்த்தால் ஓடு மட்டும் தெரிகிற படம். அப்பா விலங்கியல் ஆசிரியராக இருந்தவர். அந்தப் படத்தைப் பெரிதாக்கி, ஓட்டின் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்து, ஓரிடத்தில் விரலை ஊன்றி என்னை முறைத்தார். ஆமை ஓட்டின் நடுவில் 5, இரு பக்கமும் நான்கு நான்காக 8, ஆகப் பெரிய கட்டங்கள் 13 இருக்க வேண்டும். நான் 12 வரைந்திருந்தேன். திருத்தாமலே விட்டுவிட்டேன், அவர் ஒவ்வொரு இரவும் அந்த இடத்தைத் தொட்டுக்காட்டுவது எனக்குப் பிடித்திருந்தது. இந்த 12 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுடன் பேச்சுப் பயிற்சிக்கு வருபவர்களின் வீட்டார் சிலர் "எங்களுக்கும் அனுப்புங்கள்" என்று கேட்டார்கள். ஒருவர் வாட்ஸ்அப், ஒருவர் டெலிகிராம், ஒருவர் வேறொன்று. எனக்கு வரையத் தெரியும், வெளியிடத் தெரியாது. தேடியபோது அந்த இணையதளம் கிடைத்தது. 'ஆலோசகர்' ஒருவர் உடனே அரட்டைக்கு வந்தார்.

அவர் பேசிய விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் விழுந்தது அங்கேதான். எடுத்த எடுப்பில் பணம் கேட்கவில்லை. 1982இல் அமெரிக்கக் கணினி அறிஞர் ஸ்காட் ஃபால்மன், கேலியாக எழுதியதை மெய்யென்று எடுத்துக்கொள்ளாமலிருக்க :-) என்ற குறியை முன்மொழிந்ததிலிருந்து தொடங்கினார். 1999இல் ஜப்பானில் ஷிகெதாகா குரிடா 12க்கு 12 பிக்சல் கட்டத்துக்குள் 176 எமோஜிகளை வரைந்ததைச் சொன்னார். 2011இல் லைன் என்ற அரட்டைச் செயலி பெரிய ஸ்டிக்கர்களைக் கொண்டுவந்த பிறகு மக்கள் ஒரு வரிகூட எழுதாமல் உரையாடத் தொடங்கியதைச் சொன்னார். "எமோஜி எல்லோருக்கும் பொதுவான முகம். உங்கள் ஆமை உங்கள் அப்பாவின் முகம்" என்றார். எல்லாம் உண்மை. பொய் சொல்லியிருந்தால் அங்கேயே விழித்திருப்பேன். உண்மையைச் சொல்லியே என்னைக் கட்டிப்போட்டார்.

பிறகு, "ஒரே ஒரு படம் அனுப்புங்கள், இலவசமாக அசைத்துக் காட்டுகிறேன்" என்றார். கண்ணீர்த் துளி ஆமையை அனுப்பினேன். இரண்டு மணி நேரத்தில் திரும்பி வந்தது. கீழ் இமையில் நீர் திரண்டு, ஒரு கணம் நின்று, வழிந்தது. பிறகு ஆமை மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தது. எத்தனை முறை பார்த்தேன் என்று எண்ணவில்லை. அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஆள்காட்டி விரலால் திரையிலிருந்த துளியைத் துடைத்தார். அதைப் பார்த்த பிறகு நான் எந்த விதியையும் படிக்கவில்லை, எந்தக் கேள்வியையும் கேட்கவில்லை.

அன்று மாலையே 60 டாலர் கட்டினேன். ஒவ்வொரு செயலிக்கும் ஏற்ற வடிவில் மாற்றிப் பதிவேற்றும் கட்டணமாம். மறுநாள் 24 படங்களையும் அசைக்க 180 டாலர். அதற்கு 'அடுக்குகளை ஒன்றாக இணைக்காத மூலக் கோப்புகள்' வேண்டும் என்றார்கள். கண் தனியாக, ஓடு தனியாக, துளி தனியாக நான் வரைந்து வைத்திருந்த அத்தனை கோப்புகளையும் என் கையாலேயே அனுப்பினேன். நான்காம் நாள், படங்கள் என்னுடையவைதான் என்று சரிபார்ப்பதற்காக 100 டாலர் வைப்புத்தொகை, ஏழே நாளில் திரும்ப வரும் என்றார்கள். அதையும் கட்டினேன். மொத்தம் 340 டாலர். என் படம் என்னுடையது என்று நிரூபிக்க நானே ஏன் பணம் கட்ட வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.

பத்தாம் நாள் ஒரு கோப்புறை வந்தது. திறந்தேன். வெள்ளை ஓரத்துக்கு வெளியே வெறுமையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளைக் கட்டமாக அடைந்திருந்தது. இலவசமாக அசைத்த அந்த ஒரு படம் மட்டும் நன்றாக இருந்தது. மற்ற 23 படங்களும் அப்படியே இடமும் வலமும் ஆடின, அவ்வளவுதான். தூங்குகிற ஆமைகூட ஆடியது. ஒவ்வொரு கோப்பும் 800 கிலோபைட்டுக்கு மேல். வாட்ஸ்அப்பில் அசையும் ஸ்டிக்கர் 512க்கு 512 பிக்சலில், 500 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் தேடிப் படித்தேன். அசையாத ஸ்டிக்கருக்கு 100 கிலோபைட்தான். இந்தத் தொழிலையே செய்கிறோம் என்பவர்களுக்கு இது தெரியாதா? பதிவேற்றியிருக்கவே முடியாத கோப்புகளுக்குத்தான் பதிவேற்றக் கட்டணம் வாங்கியிருக்கிறார்கள்.

அதோடு போகவில்லை. டெலிகிராமில் ஸ்டிக்கர் தொகுப்பு வெளியிட ஒரு காசும் வேண்டாம். அந்தச் செயலியே நடத்தும் ஸ்டிக்கர் பாட், அதாவது அரட்டையிலேயே பதில் சொல்லும் தானியங்கி நிரல், இருக்கிறது, அதனிடம் படங்களை ஒவ்வொன்றாக அனுப்பினால் வேலை முடிந்தது. லைனில் படைப்பாளர்களுக்கான சந்தை 2014 முதல் இருக்கிறது, அதில் பதிவு செய்யவும் கட்டணமில்லை. இந்த மூன்று வரிகளை முன்பே படித்திருந்தால் 340 டாலர் என் கையில் இருந்திருக்கும்.

புகார் சொன்னேன். 'ஆலோசகர்' அதற்குள் விடுப்பில் போய்விட்டாராம். "உங்கள் கோரிக்கை உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது" என்று ஒரு பதில். இரண்டு நாள் கழித்து அதே வரி, அதே எழுத்துப்பிழையோடு. மூன்றாவது முறை, "கோப்பைப் பதிவிறக்கிவிட்டீர்கள், எனவே சேவையை ஏற்றுக்கொண்டதாகப் பொருள்" என்றார்கள். பதிவிறக்காமல் எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். கோரிக்கை முடிக்கப்பட்டது என்று வந்தது. 100 டாலர் வைப்புத்தொகையாவது திரும்ப வேண்டும் என்று புதிதாக ஒரு கோரிக்கை போட்டேன். சரிபார்ப்பில் 'உரிமை உறுதியாகவில்லை', அதனால் தொகை திருப்பித் தரப்படாது. கடைசியாகத் தொலைபேசி எண் கேட்டேன். ஸ்டிக்கர் ஒன்றை அனுப்பினார்கள், இரு கை கூப்பிய ஒரு பூனை. அப்பாவின் வாயாக நான் நினைத்த ஒன்றை என் வாயை அடைக்க அனுப்பினார்கள். அந்தப் பூனையை நான் மறக்கமாட்டேன்.

நேற்று இரவுதான் மிச்சமும் தெரிந்தது. அந்தத் தளத்தின் விற்பனைப் பகுதியில் ஓர் ஆமைத் தொகுப்பு. பச்சை ஓட்டை நீலமாக்கியிருந்தார்கள், வேறொருவரின் பெயர் இருந்தது. தற்செயலாக இருக்கலாமோ என்று ஒரு நிமிடம் எனக்கே ஐயம் வந்தது. ஆமை யாருக்கும் சொந்தமில்லைதானே. அப்புறம் தூங்குகிற ஆமையைப் பெரிதாக்கி எண்ணினேன். 12. விடுபட்ட கட்டமும் அதே இடத்தில், அப்பா விரலை ஊன்றும் அதே இடத்தில். கண்ணீர்த் துளி படத்தின் கீழே 'தள்ளுபடி முடிந்துவிட்டதே!' என்று எழுதியிருந்தார்கள். வலிக்கிறது என்பதற்காக 11 முறை வரைந்த துளி அது. 340 டாலரைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேன், அந்த வரியை மறக்க முடியாது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவர் எந்த ஆமையை அனுப்புவார் என்று எனக்குத் தெரியும்.

பணம் கட்டிய அட்டையின் வங்கியில், அந்தத் தொகையைத் திருப்பித் தரக் கேட்டு மறுப்பு மனு கொடுத்துவிட்டேன். பதிப்புரிமை மீறல் என்று அந்தத் தளத்தை இயக்கும் சர்வர் நிறுவனத்துக்கும் எழுதியிருக்கிறேன். என் பழைய கோப்புகளின் தேதிகள், அப்பாவுக்கு முதன்முதலில் அனுப்பிய நாள் தெரிகிற ஸ்கிரீன்ஷாட், பெரிதாக்கிய இரண்டு ஓடுகள், எல்லாம் இணைத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

விரிவாகத் தருகிறேன் என்று சொன்னேன், இப்போது முடியவில்லை. அவசரமாக இவ்வளவு மட்டும். அடுக்குகள் உள்ள மூலக் கோப்பை யாருக்கும் கொடுக்காதீர்கள், என்ன காரணம் சொன்னாலும். வெளியிடுவதற்குக் கட்டணம் என்று யார் சொன்னாலும் அந்தச் செயலியின் சொந்த உதவிப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். 'வைப்புத்தொகை' என்ற சொல் வந்தால் அந்த நொடியே எழுந்துவிடுங்கள். இலவச மாதிரி எவ்வளவு அழகாக இருந்தாலும், மற்றப் படங்களில் இரண்டையாவது முடித்துக் காட்டச் சொல்லி, உங்கள் கைபேசியிலேயே போட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

ஒரு வேண்டுகோள். நீல ஓட்டு ஆமை ஒன்று உங்களுக்கு எங்கிருந்தாவது வந்தால், தூங்குகிற படத்தைப் பெரிதாக்கிக் கட்டங்களை எண்ணிப் பாருங்கள். 12 இருந்தால், எந்தத் தொகுப்பிலிருந்து வந்தது என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மனுவோடு சேர்க்க வேண்டும்.