நெடுக்குத் தகைவும் சறுக்குப்பெயர்ச்சித் தகைவும்: ஒரே தண்டு, ஒரே விசை

விசையை அது செயல்படும் பரப்பளவால் வகுத்தால் தகைவு கிடைக்கும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் அவ்விசை பரப்புக்குச் செங்குத்தாகச் செயல்படுகிறதா (நெடுக்குத் தகைவு), பரப்பை ஒட்டிச் செயல்படுகிறதா (சறுக்குப்பெயர்ச்சித் தகைவு) என்று கேட்காமல் எண்ணை மட்டும் சொல்வது பாதி விடையே.

20 மி.மீ. விட்டமுள்ள மென்னெஃகுத் தண்டு ஒன்றின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 314 சதுர மி.மீ. ஆகும். அதை 31.4 கிலோநியூட்டன் விசையால் நெடுகே இழுத்தால், நெடுக்குத் தகைவு 100 மெகாபாஸ்கல், அதாவது ஒரு சதுர மி.மீ.க்கு 100 நியூட்டன். அதே தண்டை இரு தகடுகளை இணைக்கும் ஆணியாகச் செருகி, தகடுகளை அதே விசையால் எதிரெதிர்த் திசைகளில் இழுத்தால், ஆணியின் வெட்டுமுகத்தில் (தகடுகள் சந்திக்கும் இடத்தில் ஆணி அறுபடக்கூடிய குறுக்குப் பரப்பில்) சராசரிச் சறுக்குப்பெயர்ச்சித் தகைவும் 100 மெகாபாஸ்கல்தான். எண் ஒன்றாக இருந்தாலும் ஆபத்து ஒன்றல்ல: இழுவையில் 250 மெகாபாஸ்கல் வரை தாங்கும் எஃகு, உலோகம் எப்போது நெகிழும் என்று கணிக்கும் வான் மீசஸ் விதியின்படி, சறுக்குப்பெயர்ச்சியில் ஏறத்தாழ 144 மெகாபாஸ்கலிலேயே நிலையாக உருமாறத் தொடங்கிவிடும். ஆகவே இணைப்புகளில் முதலில் சரிபார்க்க வேண்டியது ஆணியின் வெட்டுமுகமே என்பேன். நடுத்தகட்டின் இருபுறமும் தகடு வைத்தால் வெட்டுமுகங்கள் இரண்டாகி, தகைவு 50 ஆகக் குறையும்; நேர் இழுவைக்கு இந்தச் சலுகை கிடையாது.

இரண்டும் முற்றிலும் வேறானவை என்றும் கருதிவிடக் கூடாது. இழுக்கப்படும் தண்டுக்குள்ளேயே, அச்சுக்கு 45 பாகை சாய்ந்த தளத்தில், 50 மெகாபாஸ்கல் சறுக்குப்பெயர்ச்சித் தகைவு இருக்கிறது. முறுக்கும்போது இந்த உறவு தலைகீழாகிறது: குறுக்குப் பரப்பில் சறுக்குப்பெயர்ச்சித் தகைவும், 45 பாகை சாய்ந்த தளத்தில் இழுவைத் தகைவும் உச்சமடைகின்றன. அதனால்தான் இழுவையில் வலுக்குறைந்த வார்ப்பிரும்பு 45 பாகைச் சுருளாகப் பிளக்கிறது, மென்னெஃகோ அச்சுக்குக் குறுக்கே தட்டையாக அறுகிறது.