ஸ்ட்ரே: முதுகில் பை ஏறியதும் சாய்ந்துவிட்ட பூனை

எங்கள் பூனை மிளகுக்குக் கருத்தடை ஆபரேஷன் முடிந்த அன்று, தையலை நக்காமல் இருக்க வயிற்றைச் சுற்றி ஒரு துணிச்சட்டை கட்டி அனுப்பினார்கள். தரையில் விட்டதும் பொத்தென்று ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். தூக்கி நிறுத்தினால் வயிறு தரையில் உரசும் அளவுக்குப் பதுங்கி, பின்பக்கமாகவே நகர்ந்தாள். பின்னங்கால் போய்விட்டதோ என்று பதறி டாக்டருக்குப் போன் செய்தேன். "உடம்பைச் சுத்தி எதையாவது கட்டினா பூனைங்க அப்படித்தான் பண்ணும், பழகிடும்மா" என்றார்.

தம்பியின் பிளேஸ்டேஷன் 5-இல், நாமே பூனையாக மாறி ஆடும் 'ஸ்ட்ரே' என்ற வீடியோ கேமை விளையாடியபோது அதே சாய்வை மறுபடி பார்த்தேன். பி-12 என்ற குட்டி ட்ரோன், பூனையின் முதுகில் ஒரு பையை மாட்டிவிடுகிறது. பூனை உடனே படுத்துவிடுகிறது. எழுந்த பிறகும் கொஞ்ச தூரம் பதுங்கிப் பதுங்கித்தான் நடக்கிறது. இந்தக் காட்சி இல்லாவிட்டாலும் கதை நகரும். பூனையோடு குடியிருந்தவர்கள் செய்த விளையாட்டு இது என்று எனக்கு அந்த இடத்தில் நிச்சயமாகிவிட்டது.

பிரான்சின் மான்பெலியே நகரத்து புளூட்வெல்வ் ஸ்டுடியோ உருவாக்கிய இது 2022 ஜூலையில் வெளிவந்தது. ஒரு காருக்கு அடியில் கண்டெடுத்து அவர்கள் வளர்த்த மர்ட்டா என்ற தெருப்பூனைதான் நாயகனுக்கு முன்மாதிரி. ரோபோக்கள் மட்டும் வாழும் அந்த மூடிய நகரத்துக்கு, 1990-களில் இடிக்கப்பட்ட ஹாங்காங்கின் கவுலூன் மதில் நகரம் முன்மாதிரி. குழாய், ஏசி பெட்டி, ஜன்னல் விளிம்பு என்று எல்லாமே பூனைக்குப் படிக்கட்டாகிவிடுகிற ஊர் அது.

எனக்கு மிகவும் பிடித்தது பிராண்டல்தான். கன்ட்ரோலரில் எல்2, ஆர்2 பொத்தான்கள் இரண்டையும் மாற்றி மாற்றி அழுத்தினால் இடது முன்கால், வலது முன்கால் என்று கதவையும் சோபாவையும் கிழிக்கலாம். நிஜப் பூனை பிராண்டுவது சேட்டைக்காக இல்லை. நகத்தின் பழைய உறை கழன்று விழும், பாதத்தின் வாசனையும் அந்த இடத்தில் ஒட்டும். விளையாட்டில் ரோபோவின் காலில் போய் உரசினால் அதன் முகத்திரையில் இதயம் தெரிகிறது. மொருஸ்க் என்ற ரோபோ கிட்டார் வாசிக்கும்போது பக்கத்தில் சுருண்டு படுக்கலாம். எதுவும் செய்யாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தூங்கலாம். நான் ஒரு காபி முழுக்கக் குடித்து முடிக்கும்வரை எழுப்பவே இல்லை.

குறை என்றால், தாவுவது. திரையில் குறி தெரிகிற இடத்துக்கு மட்டும்தான் தாவ முடியும், அழுத்தினால் தவறாமல் போய்ச் சேரும். மிளகு பீரோ மேல் ஏறுவதற்கு முன் அண்ணாந்து பார்ப்பாள், பின்பக்கத்தை ஆட்டுவாள், மனசு மாறி இறங்கிப் போவாள், சில நாள் விளிம்பில் நகம் பட்டு வழுக்குவாள். அந்தக் கணக்குப் போடுகிற நேரம்தான் எனக்குப் பூனை. அது இதில் கிடைக்கவில்லை. நடுவே ஜர்க் என்ற கிருமி போன்ற உயிர்களை ஒளி பாய்ச்சிக் கொல்கிற பகுதி ஒன்று வருகிறது. அங்கே பூனையாக இருக்கிற உணர்வே போய்விட்டது. நல்லவேளை, அது சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

மொத்தம் ஐந்தாறு மணி நேர விளையாட்டுதான். நீளம் குறைவு என்பவர்கள் உண்டு, எனக்குப் போதும். இப்போது எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் இரண்டிலும் கிடைக்கிறது. விளையாடிப் பழக்கமே இல்லாத என்னாலேயே முடிக்க முடிந்தது, தயங்காமல் வாங்கலாம்.

அப்புறம் ஒன்று. வட்டப் பொத்தானை அழுத்தினால் பூனை கத்தும், சத்தம் கன்ட்ரோலரின் ஸ்பீக்கரிலிருந்தே வரும். வளர்ந்த பூனைகள் பெரும்பாலும் மனிதர்களிடம்தான் 'மியாவ்' என்று கத்தும், தங்களுக்குள் அப்படிக் கத்துவது அபூர்வம். அந்தக் குரல் மிளகுக்கு எப்படிக் கேட்டதோ, காதைத் திருப்பிக்கொண்டு கட்டிலுக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் தேட ஆரம்பித்துவிட்டாள். பார்க்க மனசு கேட்கவில்லை. செட்டிங்ஸில் போய் கன்ட்ரோலர் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் மீதியை விளையாடினேன். வீட்டில் பூனை இருந்தால் நீங்கள் அதை முதலிலேயே செய்துவிடுங்கள்.