மேக்ஸ் ஆர்.பி. 441டி கம்பி கட்டும் மெஷின்: கூலி கூடுமா?

ராஃப்ட் (கட்டடத்தின் அடியில் முழுக்கப் போடும் கான்கிரீட் அடித்தளம்), பாலம், பெரிய அபார்ட்மென்ட் என்று டன் ரேட்டுக்கு, அதாவது கட்டும் கம்பியின் எடைக்கு இவ்வளவு என்று பேசி, வேலை எடுக்கும் கம்பிக்காரர் செட்டுக்கு இந்த ஜப்பான் மெஷின் நல்ல முதலீடு. நாள் சம்பளத்துக்குப் போகிற கம்பிக்காரர் கைக்காசு போட்டு வாங்க வேண்டாம். அவர் வேகத்தில் வரும் லாபம் மேஸ்திரியோடு நின்றுவிடும்.

வேலை செய்யும் விதம் அருமை. கம்பிகள் குறுக்கே போகும் இடத்தில் வாயைக் கொடுத்து விசையை அழுத்தினால், 1 மி.மீ. கட்டுக்கம்பி இரண்டு இழையாக வந்து சுற்றி, பின்னால் இழுத்து இறுக்கி, நறுக்கி, முறுக்கிவிடும். ஒரு நொடிகூட ஆவதில்லை. நாள் முழுக்கக் கொக்கியைச் சுழற்றி மணிக்கட்டு வீங்கிப்போகிறவருக்கு இது பெரிய ஆறுதல். இடுப்பு வலி மட்டும் போகாது. ஏறக்குறைய இரண்டரை கிலோ எடையோடு குனிந்தேதான் நிற்க வேண்டும். நின்றபடி கட்ட இதே கம்பெனியில் நீளக் கைப்பிடி மாடல் தனியாக உண்டு.

கூலிக் கணக்குக்கு வருவோம். இரண்டு பக்கமும் 150 மி.மீ. இடைவெளி, ஒன்றுவிட்டு ஒன்று முடிச்சு என்று வைத்தால், 10 மி.மீ. கம்பி ஒரு டன்னுக்குச் சுமார் 2,700 முடிச்சு விழும். 16 மி.மீ. என்றால் 1,050 தான். டன் ரேட் இரண்டுக்கும் ஒன்றே என்றால், மெல்லிய கம்பியில் உழைப்பு இரண்டரை மடங்கு, காசு அதே காசு. மெஷின் கைகொடுப்பது இந்த மெல்லிய கம்பியில்தான்.

நம் ஊர் வீடுகளுக்கு வரும்போது சிக்கல் அங்கேயே தொடங்குகிறது. கம்பெனி சொல்லும் அளவு 10-க்கு 10 (10 மி.மீ. கம்பியின் குறுக்கே 10 மி.மீ. கம்பி) முதல் 22-க்கு 22 மி.மீ. வரை. நாம் ரூஃபுக்குப் போடும் 8-க்கு 8 அந்த அளவுக்குள் வரவில்லை, முடிச்சு தளர்ந்து நிற்கலாம். தூண், பீம் கம்பிகளைச் சுற்றிப் போடும் வளையமான ரிங்கு செய்யும் வேலையிலும் பயனில்லை. 900 மி.மீ. வெட்டு நீளமுள்ள 8 மி.மீ. ரிங்கு ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 2,800 வரும். ஒரு ரிங்குக்கு ஐந்து வளைவு, ஆக 14,000 வளைவு, அத்தனையும் பெஞ்சில் கையால். ரிங்குக்குத் தனி ரேட் பேசாத செட்டுக்கு எந்த மெஷினும் கூலியைக் கூட்டித் தராது. கிரேனில் தூக்கி வைக்கும் கம்பிக் கூண்டுக்கும் இந்த ஒற்றைச் சுற்றை நம்பக் கூடாது, கொக்கியால் குறுக்குக்கட்டுப் போட்டே ஆக வேண்டும்.

வாயில் சிமென்ட் பாலோ துருத்தூளோ அப்பினால் கம்பி சிக்கும். சாய்த்துப் பிடித்தாலும், முறுக்கி முடிக்கும் முன் இழுத்தாலும் கட்டு இறுகாது.

வாங்கும் முன் தீர்க்க வேண்டியது சுருள் விஷயம். கையால் கட்டும்போது கட்டுக்கம்பி வீட்டுக்காரர் கணக்கு, டன்னுக்குப் பத்து கிலோ அளவில் ஆகும். மெஷினுக்கோ அதற்கென்றே செய்த சுருள் வேண்டும், 10 மி.மீ. கம்பியில் ஒரு சுருளுக்குச் சுமார் 240 முடிச்சு. மேலே சொன்ன டன்னுக்கு 11, 12 சுருள் போகும். "மெஷின் உன்னுது, சுருளும் உன்னுது" என்று கைவிரித்தால், மிச்சமான நேரத்தின் காசு சுருளுக்கே போய்விடும். சுருள் விலையை 12-ஆல் பெருக்கி, அந்தத் தொகையை டன் ரேட்டில் சேர்த்துக் கேளுங்கள். கம்பியின் எடை தராசிலா, விட்டத்தின் (மி.மீ.) வர்க்கத்தை 162-ஆல் வகுத்து மீட்டருக்கு இத்தனை கிலோ என்று போடும் கணக்கிலா என்பதையும் அப்போதே எழுதி வாங்குங்கள். 10 மி.மீ. வரையான கம்பியில் 7 சதவீதம் வரை எடை கூடக்குறைய இருக்க கம்பிக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1786 இடம் தருகிறது.