32 நாள் கரண்ட், 5 கீமோ: வல்வா புற்றுநோய்க்கு நான் எடுத்த சிகிச்சை எப்படி இருந்தது?

எனக்கு வயது 63. வல்வாவில், அதாவது பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியில் வந்த புற்றுநோய்க்குக் கீமோவும் கரண்டும் (கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் இப்படிச் சொல்கிறோம்) ஒரே சமயத்தில் கொடுத்தார்கள். முடிந்து ஏழு மாதம் ஆகிறது. இந்த இடத்தில் வரும் நோயைப் பற்றி நாம் வாய் திறப்பதில்லை. நானும் நமைச்சலும் புண்ணுமாக இரண்டு வருடம் யாரிடமும் காட்டாமல் களிம்பு தடவிக்கொண்டே இருந்தேன். டாக்டரிடம் போனபோது கட்டி சிறுநீர்த் துவாரத்தைத் தொட்டிருந்தது, ஆசனவாய்க்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது, வலது தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். சிகிச்சையையும் அதை அவர்கள் கொடுத்த விதத்தையும் மட்டும் சொல்கிறேன்.

முதலில் பார்த்த சர்ஜன் ஒளிக்காமல் சொன்னார்: "ஆபரேஷன்னா கட்டியோட சேர்த்து சிறுநீர்ப் பாதையும் மலப் பாதையும் எடுக்க வேண்டி வரும்மா. அப்புறம் வயித்துல ரெண்டு பை." அன்று இரவு நான் தூங்கவில்லை. மறுநாள் கரண்ட் டாக்டர் வேறு வழி சொன்னார். நாளுக்கு 1.8 கிரே (கதிரை அளக்கும் அலகு) வீதம், வாரத்தில் ஐந்து நாள், மொத்தம் 32 தடவை. கூடவே வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. "ரெண்டும் எதுக்கு, ஒண்ணு போதாதா?" என்று கேட்டேன். கதிர் பட்டு உடைந்த டி.என்.ஏ.வைப் புற்று செல் ராத்திரியோடு ராத்திரியாக ஒட்டுப்போடப் பார்க்கும், அதை ஒட்டவிடாமல் செய்வது சிஸ்பிளாட்டின் என்றார். "கரண்ட் அடிக்கிற அடியிலேர்ந்து அது எழுந்திரிக்காம இருக்கத்தான் இந்த மருந்து."

பலன் எவ்வளவு என்று என் மகள் நோண்டி நோண்டிக் கேட்டாள். 2012-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைச் சொன்னார். இதே முறையில் 58 பெண்களுக்குக் கொடுத்ததில் 37 பேருக்குக் கண்ணுக்குத் தெரிந்த கட்டி முழுவதும் கரைந்தது. அதில் 29 பேருக்கு பயாப்சியிலும், அதாவது சதை எடுத்துச் சோதித்ததிலும், ஒன்றுமில்லை. மொத்தத்தில் சரிபாதி. அபூர்வமான நோய் என்பதால் ஆயிரம் பேரை வைத்து ஒப்பிட்ட ஆய்வெல்லாம் கிடையாது, கருப்பைவாய்ப் புற்றுநோயில் இந்தச் சேர்க்கை பலன் தந்ததைப் பார்த்துத்தான் இங்கேயும் நம்பிக் கொடுக்கிறோம் என்றும் சொன்னார். நூற்றுக்கு நூறு என்று அளக்காமல் இருந்த அந்தப் பேச்சுதான் என்னைச் சம்மதிக்க வைத்தது.

கரண்ட் அறைக்கு முழு மார்க். கால்களைத் தவளை மாதிரி விரித்துப் படுக்க வேண்டும், தினமும் அதே மாதிரி. அதற்கென்று என் உடம்புக்கு அச்செடுத்த மெத்தை, இடுப்பில் பச்சை குத்திய மூன்று புள்ளி. சிறுநீர்ப் பை நிறைந்திருக்க வேண்டும். அந்த நிலையில் படுப்பதற்கு எந்த வயதிலும் கூச்சம்தான். அங்கிருந்த பெண் டெக்னீஷியன் கடைசி நொடிவரை போர்வையை எடுக்கவே மாட்டாள், முடிந்த கணமே வந்து மூடிவிடுவாள். அந்தப் பெண்ணை நினைக்காத நாளில்லை.

கீமோ நாள் நீளம். மருந்து ஏறுவதைவிட அதற்கு முன்னும் பின்னும் சலைன் ஏறுவதுதான் அதிகம், சிஸ்பிளாட்டின் கிட்னியைப் பிடிக்கும் என்பதால். முடி கொட்டவில்லை, கொஞ்சம் மெலிந்தது. வாந்திக்கு முன்கூட்டியே மருந்து தந்தார்கள். காதில் ரீங்காரம் கேட்டதை நான்காவது வாரம் சொன்னதும் உடனே காது சோதனை செய்தார்கள். ஆறாவது வாரம் ரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் அளவு) ஏறியதால் அந்த டோஸை நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் ஆறு ஐந்தாயிற்று.

என் குறையெல்லாம் தோல் விஷயத்தில்தான். கதிர் சற்று ஆழத்தில்தான் முழு வேகம் பிடிக்குமாம். கட்டி மேலேயே இருப்பதால் அதன்மேல் ஒரு ஜெல் தகடு வைத்து, தோலிலேயே முழு அளவும் விழச் செய்கிறார்கள். அப்படியென்றால் தோல் வேகும் என்பது முதல் நாளே தெரிந்த சங்கதி. ஆனால் எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் தொடை இடுக்கு சிவந்தது, நான்காவது வாரம் உரிந்து நீர் கசிந்தது. ஒண்ணுக்குப் போனால் நெருப்பை ஊற்றின மாதிரி. அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். சிஸ்பிளாட்டின் ஏறும் உடம்புக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. கீமோ பக்கம் கேட்டால் "கரண்ட் டிபார்ட்மென்ட்ல காட்டுங்க", அங்கே போனால் "வியாழக்கிழமை டாக்டர் பார்ப்பார்". இரண்டு சிகிச்சையையும் சேர்த்தவர்கள் இரண்டு டிபார்ட்மென்ட்டையும் சேர்க்கவில்லை. வலி தாங்காமல் மூன்று நாள் நான் போகவில்லை. இடைவெளி விழுந்தால் கட்டிக்குத்தான் லாபம் என்று டாக்டர் பிறகு கண்டித்தார். கண்டிப்பு நியாயம்தான், ஆனால் அந்த மூன்று நாளைத் தவிர்த்திருக்கலாம்.

அப்புறம்தான் புண் பார்க்கும் நர்ஸ் ஒருவரிடம் அனுப்பினார்கள். அவர் எனக்குச் செய்ததை அப்படியே எழுதுகிறேன். ஒண்ணுக்குப் போகும்போதே ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டே போகச் சொன்னார். எரிச்சல் பாதியாகக் குறைந்தது. தினமும் இரண்டு மூன்று முறை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்து, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஒட்டாத டிரெஸ்ஸிங். சில்வர் களிம்பு போட்டால் கரண்டுக்குப் போகுமுன் மெதுவாக எடுத்துவிட வேண்டும், கனமாக இருந்தால் தோலில் கதிர் இன்னும் கூடும். வீட்டில் உள்ளாடை வேண்டாம், தளர்ந்த பருத்தி போதும். டாக்டரிடம் பேசி மார்ஃபினும் வாங்கிக் கொடுத்தார். மார்ஃபின் என்றதும் எனக்குப் பயம். அதைக் குடித்த பிறகுதான் ஒரு நாளும் தவறாமல் மிச்சத்தை முடித்தேன்.

கடைசி கரண்டுக்குப் பிறகும் பத்து நாள் புண் ஏறித்தான் இறங்கியது. பன்னிரண்டாம் வாரம் பெட் ஸ்கேன், பிறகு பயாப்சி. இரண்டிலும் புற்று இல்லை. பை இல்லாமல் ஒண்ணுக்கும் வெளிக்கும் போகிறேன். வலது கால் சாயங்காலமானால் வீங்குகிறது, அழுத்தக் காலுறை போடுகிறேன். பிறப்புப் பாதை சுருங்காமல் இருக்க டைலேட்டர் என்ற விரிக்கும் குழாய் பயன்படுத்த வேண்டும் என்பதையும் செக்அப்பில் அதே நர்ஸ்தான் சொன்னார்.

சிகிச்சைக்கு ஐந்துக்கு ஐந்து, டெக்னீஷியனுக்கும் நர்ஸுக்கும் அப்படியே. தோலுக்கு யார் பொறுப்பு என்று முதல் நாளே சொல்லாததற்கு அந்த ஆஸ்பத்திரிக்கு மூன்றுதான் கொடுப்பேன். இதே சிகிச்சைக்குப் போகிறவர்கள், முதல் கரண்டுக்கு முன்பே புண் பார்க்கும் நர்ஸ் யார், எந்த நாளிலெல்லாம் இருப்பார் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.