பணியாளர் நலச் சேவை: ஒரே ஒப்பந்தத்தில் வாங்கிய நான்கில் உண்மையில் உதவியது எது?

எங்கள் நிறுவனம் வெளியிலிருந்து வாங்கிய பணியாளர் நலச் சேவையைப் பயன்படுத்திய ஊழியராகவும், அதன் ஒரு பகுதியில் பயிற்சி பெற்றுப் பொறுப்பேற்றவராகவும் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். சேவையை வழங்கும் நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இந்தத் துறையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஏறத்தாழ இதே நான்கு சரக்குகளைத்தான் வெவ்வேறு பெயர்களில் விற்கிறார்கள் என்பதால், ஒருவரைப் பற்றிச் சொல்வது மற்றவர்களுக்கும் பெரிதும் பொருந்தும். அந்த நான்கு: கைபேசிச் செயலி, எந்நேரமும் பேசக்கூடிய தொலைபேசி ஆலோசனை, சக பணியாளர் ஆதரவுக் குழுவுக்கான பயிற்சி, மேலாளர்களுக்கான பயிற்சி. விற்க வந்தவர்கள் காட்டிய விளக்கக் கையேட்டில் செயலிக்குப் பல பக்கங்களும், ஆதரவுக் குழுவுக்கு ஒரே ஒரு பத்தியும் ஒதுக்கப்பட்டிருந்தன. பயன்பாட்டில் கண்டது இதற்கு நேர்மாறானது.

செயலியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மூச்சுப் பயிற்சி, தூக்கத்துக்கான இசை, நடந்த அடிகளைக் கணக்கிட்டுத் துறைகளுக்கிடையே நடத்தும் போட்டி, 'இன்று உங்கள் மனநிலை எப்படி?' என்று கேட்கும் ஐந்து முகங்கள் ஆகியவை அதில் இருக்கின்றன. கணக்குப் பிரிவில் மாத முடிவு வேலை உச்சத்தில் இருக்கும் மாலை நேரத்தில், 'சற்று எழுந்து ஆழமாக மூச்சு விடுங்கள்' என்ற அறிவிப்பு எல்லோருடைய கைபேசியிலும் ஒரே நேரத்தில் ஒலித்தபோது எழுந்த சிரிப்பு ஒன்றுதான் அது எங்களுக்குச் செய்த உடனடி நன்மை. நடைப் போட்டியில் முன்னிலை வகித்தவர்கள் அதற்கு முன்பும் தவறாமல் நடந்துகொண்டிருந்தவர்களே. இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 5,000 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்தப்பட்டு, 2019இல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது: நலத்திட்டத்தில் விரும்பிச் சேர்ந்தவர்கள், சேரும் முன்பே மருத்துவச் செலவு குறைவாக இருந்தவர்கள். அதே ஆண்டில், அந்நாட்டின் ஒரு பெரிய சில்லறை வணிக நிறுவனத்தில் ஏறத்தாழ 33,000 பணியாளர்களைக் கொண்டு நடந்த மற்றோர் ஆய்வில், நலத்திட்டம் நடந்த கிளைகளில் உடற்பயிற்சி செய்வதாகச் சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். ஆனால் 18 மாதங்களுக்குப் பிறகும் மருத்துவ அளவீடுகளிலோ, மருத்துவச் செலவிலோ, விடுப்பிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

தொலைபேசி ஆலோசனை செயலியைக் காட்டிலும் பயனுள்ளது என்பதில் ஐயமில்லை. இவ்வகைச் சேவைக்கு நீண்ட வரலாறும் உண்டு. 1940களில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் மதுப் பழக்கத்துக்கு ஆளான தொழிலாளர்களை வேலையை விட்டு அனுப்பாமல் மீட்டெடுப்பதற்காகத் தொடங்கிய முயற்சிகளிலிருந்தே இது வளர்ந்து, குடும்பச் சிக்கல், கடன், துயரம், மனச்சோர்வு எனப் பலவற்றுக்கும் விரிந்தது. எங்களுக்குக் கிடைத்த ஆலோசகர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். தேவைப்பட்டபோது மருத்துவரிடம் செல்லுமாறு தெளிவாகச் சொன்னார்கள். குறை வேறிடத்தில் இருந்தது. அழைத்தவுடன் கேட்கப்பட்ட முதல் கேள்வி, பணியாளர் எண் என்ன என்பது. ஒப்பந்தத்தில் இருப்பவர்தானா என்று சரிபார்ப்பதற்காகவே அதைக் கேட்கிறார்கள் என்பது பிறகு விளங்கியது. ஆனால் நெஞ்சு கனத்துப் போய், பலமுறை தயங்கி அழைப்பவருக்கு அந்தக் கேள்வி, பேசுவதெல்லாம் மனிதவளத் துறையின் கோப்புக்குப் போய்ச் சேரும் என்ற எண்ணத்தையே உண்டாக்கும். அதிலேயே அழைப்பைத் துண்டித்ததாக ஒரு தோழி சொன்னார்.

அவருடைய அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்றும் சொல்லிவிட முடியாது. காலாண்டுதோறும் நிர்வாகத்துக்கு அனுப்பப்படும் அறிக்கையில் பெயர்கள் இல்லை. ஆயினும் பயன்பாடு துறைவாரியாகப் பிரித்துக் காட்டப்பட்டிருந்தது. நால்வர் மட்டுமே வேலை செய்யும் ஒரு பிரிவில் 'ஒருவர் பயன்படுத்தினார்' என்று எழுதினால், அந்த ஒருவர் யார் என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய துப்பறிவாளர் தேவையில்லை. பணியாளர் தரப்பிலிருந்து எதிர்ப்பு எழுந்த பிறகே, சிறிய பிரிவுகளைச் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டச் சம்மதித்தார்கள். இத்தகைய சேவையை வாங்க நினைக்கும் எவரும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அறிக்கையின் மாதிரிப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.

இனி ஆதரவுக் குழு. ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஓரிருவரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளித்து, சக ஊழியர்கள் அணுகிப் பேசக்கூடியவர்களாக அவர்களை அறிவிப்பதே இதன் அமைப்பு. நிர்வாகம் ஆட்களை நியமிக்காமல், 'மனம் சரியில்லாதபோது யாரிடம் பேசுவீர்கள்?' என்று ஊழியர்களிடமே எழுதி வாங்கித் தேர்ந்தெடுத்ததைச் சேவை நிறுவனத்தின் சிறந்த யோசனையாகக் கருதுகிறேன். அதில் வந்த பெயர்களில் மேலாளர்கள் அநேகமாக இல்லை. கிடங்கில் இரவு ஷிப்டு பார்ப்பவர், வரவேற்பு மேசையில் இருப்பவர், ஓய்வு பெறும் நிலையில் இருந்த ஓர் எழுத்தர் என்று, பதவிப் பட்டியலில் கண்ணுக்கே படாதவர்கள் வந்தார்கள்.

பயிற்சியில் சொல்லித் தந்தவை எளியவை. எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை அறிவுரை சொல்லக் கூடாது. 'எனக்கும் இப்படித்தான் நடந்தது' என்று தன் கதையைத் தொடங்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து இருப்பதாகத் தோன்றினால் நேரடியாகவே கேட்டுவிட வேண்டும், அந்தச் சூழலில் மட்டும் இரகசியம் காப்பது பொருந்தாது. தன்னால் இயலாததை மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ ஒப்படைக்க வேண்டும். தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்று பலரும் அஞ்சுகிறார்கள்; அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்பதைப் பயிற்சியாளர் பொறுமையாக விளக்கினார். 2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் பெட்டி கிச்சனரும் அந்தோனி ஜோர்மும் தொடங்கி உலகெங்கும் பரவிய மனநல முதலுதவிப் பயிற்சியின் சாயல் இதில் தெரிகிறது. அத்தகைய பயிற்சியால், பெறுபவரின் அறிவும் துணிவும் கூடுகின்றன என்பதற்குச் சான்றுகள் உண்டு. அவரிடம் உதவி பெறுபவரின் நிலை எந்த அளவுக்கு மேம்படுகிறது என்பதற்கான சான்று அவ்வளவு வலுவாக இல்லை. எனவே நான் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

தாயை இழந்து, விடுப்பு முடிந்து திரும்பிய ஊழியர் ஒருவரின் மேசையில் கோப்புகள் குவிந்து கிடந்தன. வந்த அன்று பலரும் அருகில் சென்று ஆறுதல் சொன்னார்கள். அவரும் தலையசைத்துக்கொண்டே கணினித் திரையை வெறித்திருந்தார். கிடங்கிலிருந்து வந்த ஆதரவாளர் ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, 'இதில் இன்றைக்கே போக வேண்டியவை எவை?' என்று கேட்டார். இருவருமாகக் கோப்புகளை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள்: இன்றே முடிக்க வேண்டியவை, வேறொருவர் முடிக்கக் கூடியவை, காத்திருக்கக் கூடியவை. இரண்டாவது அடுக்கைத் தூக்கிக்கொண்டு ஆதரவாளர் மேலாளரிடம் சென்றார். முதல் அடுக்கு மிகச் சிறியதாகவே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அந்த ஊழியர் தம் தாயைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

செயலியாலும் தொலைபேசி ஆலோசகராலும் இதைச் செய்திருக்க இயலாது. எந்தக் கோப்பு காத்திருக்கும், எந்த மேலாளரிடம் எப்போது பேசலாம் என்பதை உள்ளே இருப்பவர் மட்டுமே அறிவார். வேலையின் சுமையும் அதன் மீது ஊழியருக்கு இருக்கும் கட்டுப்பாடும் சேர்ந்துதான் மன அழுத்தத்தை முடிவு செய்கின்றன என்று 1979இல் ராபர்ட் கராசெக் விளக்கினார்; 1988இல் ஜான்சனும் ஹாலும் அதோடு மூன்றாவதாகச் சேர்த்தது உடன் வேலை செய்பவர்களின் ஆதரவை. அந்த மேசையருகே இந்த மூன்றையும் ஒருசேரக் காண முடிந்தது.

ஆனால் இந்தப் பகுதியிலும் நிர்வாகம் கஞ்சத்தனம் காட்டியது. ஆதரவாளர்களுக்கு இதற்கென நேரம் ஒதுக்கப்படவில்லை. பேசிக்கொண்டிருந்த நேரத்தை ஈடுகட்ட அவர்களே கூடுதலாக உட்கார வேண்டியிருந்தது. பிறருடைய துயரத்தைத் தொடர்ந்து கேட்பவருக்கும் தன் பாரத்தை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டும். மாதாந்தர வழிகாட்டுதல் கூட்டம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது, நடைமுறையில் அது அடிக்கடி தள்ளிப்போயிற்று. எழுத்தராக இருந்த ஆதரவாளர் தாமே களைத்துப்போய்ப் பொறுப்பிலிருந்து விலகினார். நல்ல மனம் உள்ளவர்களிடம் இலவசமாகக் கூடுதல் வேலை வாங்கும் ஏற்பாடாக இது மாறிவிடும் அபாயம் உண்மையானது.

மேலாளர் பயிற்சி அரை நாளில் முடிந்தது. அதிலும் பாதிப் பேர் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட, வேலையிடத்தில் மனநலம் பற்றிய வழிகாட்டுதல்கள் மேலாளர் பயிற்சியை வலியுறுத்துவதோடு, வேலையின் அமைப்பையே திருத்தும் நடவடிக்கைகளையும் பரிந்துரைக்கின்றன. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலை நாட்கள் இழக்கப்படுவதாக அந்த நிறுவனத்தின் மதிப்பீடு கூறுகிறது. அந்த எண் எங்கள் தொடக்க விழாவின் திரையில் பெரிய எழுத்தில் ஒளிர்ந்தது. வேலையின் அமைப்பைத் திருத்துவது பற்றிய பகுதி மட்டும் ஒளிரவில்லை. பணிச்சோர்வை 2019இல் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் சேர்த்தபோதும், அதை ஒரு நோயாகக் கருதாமல் வேலைசார் நிகழ்வாகவே, சரிவரக் கையாளப்படாத நீண்டகாலப் பணியிட அழுத்தத்தின் விளைவாகவே அந்நிறுவனம் வரையறுத்தது. ஊழியரை மட்டும் உறுதியாக்க முனையும் சேவை இந்த வரையறைக்கு எதிர்த்திசையில் நடக்கிறது. பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களின் தரவைக் கொண்டு 2024இல் வெளியான வில்லியம் ஃபிளெமிங்கின் ஆய்வும், தனிநபரை நோக்கிய இத்தகைய திட்டங்களில் பங்கேற்றவர்களின் நலம் பங்கேற்காதவர்களைவிட மேலாக இல்லை என்றே கண்டது. தன்னார்வப் பணிக்கான வாய்ப்பு மட்டும் விதிவிலக்காக இருந்தது. ஒரே நேரத்தில் எடுத்த தரவு என்பதால் அதை முடிந்த தீர்ப்பாகக் கொள்ள முடியாது என்றாலும், வாங்குபவர் யோசிக்க அது போதும்.

எனவே மதிப்பெண் போடச் சொன்னால், ஆதரவுக் குழுவுக்கு ஐந்தில் நான்கு, தொலைபேசி ஆலோசனைக்கு மூன்று, மேலாளர் பயிற்சிக்கு ஒன்று, செயலிக்கும் ஒன்று. ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது பற்றிக் கருத்துக் கேட்டபோது ஆதரவாளர்கள் சார்பில் நாங்கள் எழுதிக் கொடுத்தவை: செயலியை நீக்கி, அதற்கான தொகையில் வழிகாட்டுதல் கூட்டங்களைத் தவறாமல் நடத்த வேண்டும், ஆதரவாளர்களுக்கு வேலை நேரத்திலேயே நேரம் ஒதுக்க வேண்டும், பணியாளர் எண்ணுக்குப் பதிலாக நிறுவனம் முழுவதற்கும் பொதுவான ஒரே குறியீட்டைச் சொல்லித் தொலைபேசியில் பேச வழி செய்ய வேண்டும், எந்தப் பிரிவில் வேலைப் பளு ஆளின் அளவை மீறுகிறது என்று ஆதரவாளர்கள் பெயர் குறிப்பிடாமல் எழுதித் தருவதை நிர்வாகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டும். முதல் மூன்றையும் பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான்காவதைப் பற்றி, அது நலச் சேவையின் வரம்புக்குள் வராது என்று பதில் வந்திருக்கிறது.